அதை ஒட்டிய பகுதிகள்

தமிழ்த் தொலைக்காட்சியைக் கேட்டால் நான் குடியிருக்கும் ஊருக்குத் திருப்பதி என்று பெயர் கிடையாது. "அதை ஒட்டிய பகுதிகள்" என்று பெயர். "வட தமிழகம், புதுச்சேரி மற்றும் அதை ஒட்டிய தெற்கு ஆந்திரப் பகுதிகளில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்று செய்தி வாசிக்கும் பெண் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பார். அந்த மூச்சின் கடைசி இழுப்பில்தான் எங்கள் வீடு, மாடியில் காயும் துணி, பின்னால் நிற்கும் மலை எல்லாம் இருக்கின்றன. வரைபடத்திலாவது ஊரைப் பார்க்கலாம் என்றால், சென்னையைச் சுட்டிக்காட்டும் அவருடைய முழங்கை சரியாக எங்கள் தலைமேல் வந்து நிற்கும்.

சரி, போகட்டும், தெலுங்குச் சேனல் கைவிடாது என்று அதைப் போட்டால் அங்கே வேறு கூத்து. அவர்கள் கவலையெல்லாம் கடற்கரைக்காரர்களைப் பற்றித்தான். ராயலசீமை என்றால் வெயில் என்று முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மாதத்தில் முட்டி வரை தண்ணீரில் நின்றுகொண்டு நாங்கள் அதைக் கேட்கவேண்டும். காற்றழுத்தத் தாழ்வுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அல்பபீடனம். அது கொஞ்சம் வலுத்துவிட்டால் வாயுகுண்டம். என் அம்மா செய்யாறுப் பக்கத்துக்காரி. அப்பா போன பிறகு எங்களோடு இருக்க வந்தவள். தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது. முதல் தடவை அந்தச் செய்தியைக் கேட்டதும், "யாருக்குடி வாயு?" என்றாள்.

"வங்காள விரிகுடாவுக்கு" என்றேன்.

"பெருங்காயத்தக் கரைச்சிக் குடுத்தா அடங்கிப்பூடும்" என்று சொல்லிவிட்டுப் பூண்டு உரிக்கப் போய்விட்டாள். நான் கேட்ட வானிலை ஆலோசனைகளில் எனக்குப் பிடித்தது இன்றுவரை அதுதான்.

திருப்பதியில் வாழ்க்கைப்பட்டவளுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு வேலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று, தரிசனத்துக்கு வழி பண்ணுவது. மற்றது, மலைமேல் வானம் எப்படி இருக்கிறது என்று சொல்வது. வருஷம் முழுக்க நான் இருக்கிறேனா செத்தேனா என்று கேட்காதவர்கள்கூட ஐப்பசி பிறந்ததும் போனை எடுப்பார்கள். "மேல மழையா? குளிருதா? ஸ்வெட்டர் எடுத்தாரணுமா? நடந்து ஏறினா வழுக்குமா?" நான் ஏதோ மலையுச்சியில் பாய் விரித்துப் படுத்திருப்பதாக அவர்கள் நினைப்பு. எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. மொட்டை மாடிக்குப் போனால் ஒரு லாட்ஜின் பெயர்ப்பலகை. அதன் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே உள்ள சந்தில் கொஞ்சம் மலை தெரியும். அந்தச் சந்து வழியாகப் பார்த்துத்தான் தமிழ்நாட்டுச் சொந்தங்கள் அத்தனை பேருக்கும் நான் வானிலை சொல்லிக்கொண்டிருந்தேன். சந்து பச்சையாக இருந்தால் வாங்க, வெள்ளையாக இருந்தால் உங்கள் இஷ்டம், அவ்வளவுதான் என் விஞ்ஞானம். தப்பிப்போனால் திட்டும் எனக்குத்தான். "நீ சொன்னியேன்னு வந்து நனைஞ்சி நாசமாப் போனோம்" என்பார்கள். மழை பெய்தால் மேகத்தைத் திட்டவேண்டும், என்னைத் திட்டி என்ன பிரயோஜனம்?

அந்தக் கார்த்திகையில் இந்த வானிலை வேலை எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. என் தங்கைக்கு மலைமேல் கல்யாணம் வைத்திருந்தோம்.

அவளுக்கு அதற்குமுன் இரண்டு கல்யாணம் நிச்சயமாகி நடக்காமல் போயிருந்தது. இரண்டையும் யாரும் நிறுத்தவில்லை, தள்ளித்தான் வைத்தார்கள். முதல் தடவை மாப்பிள்ளையின் தாத்தா இறந்துபோனார், ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மாப்பிள்ளை வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். இரண்டாவது தடவை கொரோனா வந்தது. "நெலம சரியானதும் பாத்துக்கலாம்" என்றார்கள். நிலைமை சரியாயிற்று, அவர்கள் சரியாகவில்லை. அதிலிருந்து "தள்ளி" என்ற சொல்லே எங்கள் வீட்டுக்கு ஆகாது. "அந்த நாற்காலியக் கொஞ்சம் தள்ளி வை" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அம்மா பார்த்த பார்வையில் மனுஷன் நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்தார்.

மூன்றாவது மாப்பிள்ளையை யாரும் பார்த்துக் கொடுக்கவில்லை. என் தங்கை எங்கள் வீட்டிலிருந்தே ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயே அவளோடு வேலை செய்கிறவன். பிச்சாட்டூர் பக்கத்தில், ஆரணி ஆற்றுக்கு அந்தாண்டை, விவசாயக் குடும்பம். பல தலைமுறையாக ஆந்திராவிலேயே இருக்கும் தமிழர்கள். தாயில்லாப் பிள்ளை, வளர்த்ததெல்லாம் அத்தை. அந்த அம்மாள் பேசுவது தமிழ்தான். ஆனால் சோற்றில் கல் மாதிரி நடுநடுவே தெலுங்கு அகப்படும். எனக்குப் பழகிவிட்டது. என் அம்மாவுக்கு ஒவ்வொன்றும் பல்லில் பட்டது.

முகூர்த்தம் கார்த்திகைக் கடைசியில் கிடைத்தது. அதை விட்டால் மார்கழி, கல்யாணம் கூடாது. தை பிறக்கும்வரை தள்ளினால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. தங்கை தினமும் வேலைக்குக் கிளம்புமுன் மொட்டை மாடிக்கு ஏறி லாட்ஜுச் சந்தில் மலையைப் பார்த்துவிட்டு வருவாள். "தெரியுதுக்கா" என்பாள், இல்லாவிட்டால் "தெரியலக்கா" என்பாள். முப்பதைத் தாண்டிய பெண் மேகத்தைப் பார்த்துப் பார்த்து முகம் வாடிப்போனாள்.

வீடு முழுக்க வானிலை வல்லுநர்கள். முதலாமவர் வேலூரில் இருக்கும் சித்தப்பா. அப்பா ஸ்தானத்தில் நின்று தாரை வார்க்கவேண்டியவர். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வுபெற்றவர். போனில் இல்லாத வானிலை ஆப் கிடையாது. நிறநிறமாகச் சுழலும் படங்களைக் காலையும் மாலையும் அனுப்புவார். கடலில் உருவாகும் தாழ்வை அவர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசுவார்.

"இன்னிக்கு அவரு கடல்லயே ஒக்காந்துட்டாரும்மா. நகர்ற எண்ணம் இல்ல. நாளன்னிக்குக் கெளம்புவார்னு தோணுது."

"எங்க வரார் சித்தப்பா?"

"அதுதான் புடிபடல. நெல்லூருங்கறான் ஒருத்தன், சென்னைங்கறான் இன்னொருத்தன். மலைப்பகுதிக்கு ரெட்டு குடுத்திருக்கான். அதை ஒட்டிய பகுதிகளுக்கு ஆரஞ்சு."

நாங்களே ஒட்டிய பகுதி, எங்களையும் ஒட்டி ஒரு பகுதி இருக்கிறதா என்று கேட்டு நான் சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. ஆரஞ்சைப் பற்றி அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. எல்லோருக்கும் மலைமேல்தான் கண்.

இரண்டாமவர் என் வீட்டுக்காரர். சித்தூரில் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருவார். அவருக்கு மழை என்றால் மாமரம். "கார்த்தியோட நின்னுட்டா மார்கழில பூ எடுக்கும்" என்பார். "மலைமேல எப்டிங்க இருக்கும்?" என்று கேட்டால், "சித்தூர்ல வெயில் காயுது" என்பார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே கிடையாது என்று அவர் அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாமவர் அம்மா. அவளுக்கு ஆப் வேண்டாம், டிவி வேண்டாம். "அப்பவே சொன்னேன், பச்சரிசியத் துன்னாத, துன்னாதன்னு. கேட்டாளா? கல்யாணத்தன்னிக்குக் கொட்டத்தான் போவுது" என்று தங்கையைப் பார்த்துப் பல்லைக் கடிப்பாள். சின்ன வயதில் தங்கை அரிசிப் பானையில் கைவிட்டு அள்ளித் தின்றது உண்மை. பச்சரிசி தின்றால் கல்யாணத்தில் மழை வரும் என்பது எங்கள் பக்கத்துச் சாஸ்திரம். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், "ஒங்கல்யாணத்துல பெஞ்சுதா இல்லியா?" என்று என் பக்கம் திரும்புவாள். பெய்ததுதான். நானும் அரிசி தின்றவள்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல் அவளே, "கர்ணனுக்கு மிஞ்சின கொடையும் இல்ல, கார்த்திகைக்கு மிஞ்சின மழையும் இல்ல. மாசக் கடைசில நின்னுடும்" என்பாள். அந்தப் பழமொழிக்குக் கார்த்திகை மழையை மிஞ்ச ஆளே இல்லை என்றும் ஒரு அர்த்தம் உண்டே என்று நான் வாயைக் கொடுப்பேன். "ஒன் நாக்குல சனி" என்று வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

இந்த அமளியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அத்தை போன் பண்ணினாள். நான் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா எடுத்திருக்கிறாள். நான் இறங்கி வரும்போது அவள் குரல் தெருமுனை வரை கேட்டது.

"எம்பொண்ணுக்குச் சளியும் இல்ல, கிளியும் இல்ல! நெஞ்சு சுத்தமாக் கீது! வேணும்னா எக்ஸ்ரே எடுத்து அனுப்பட்டா?"

போனை வைத்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"அங்க சளி எப்டி கீதுன்னு கேக்கறாடி அந்தம்மா. எடுத்த எடுப்புலயே. யாருக்குன்னேன். பொண்ணுக்குத்தான் கேக்கறேன், கார்த்தில மலமேல சளி ஜாஸ்தியாச்சே, பொண்ணு தாங்குமா, நெஞ்சுல ஏறிக்கினா இன்னா பண்றதுன்றா. எவளோ போய் எம்பொண்ணு நெஞ்சுசளிக்காரின்னு வத்தி வச்சிக்கீறாடி. சாக்குத் தேடறாங்க. தள்ளி..." என்று ஆரம்பித்தவள் அந்தச் சொல்லை முழுங்கிக்கொண்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் தங்கைக்குத் தும்மல்கூட வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். இரண்டு தடவை பட்ட அவமானம் போதாதென்று மூன்றாவதுக்குச் சளியைக் காரணம் காட்டப் போகிறார்களா? போன் போட்டு நாலு கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். தங்கைதான் தடுத்தாள்.

"நீயும் கேக்க வேணாம், நானும் கேக்க மாட்டேன். அவர்கிட்டயும் கேக்க மாட்டேன். ரெண்டு தடவ கேட்டு வாங்கிக் கட்டிக்கினது போதும். வர்றவங்க வரட்டும்."

அதைச் சொல்லும்போது அவள் டிபன் பாக்ஸை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அதில் கறையே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இருமலுக்குத் தடை. அம்மா தங்கைக்குத் தூதுவளை ரசம், மிளகுக் கஷாயம், மஞ்சள் போட்ட பால் என்று ஊற்றிக்கொண்டே இருந்தாள். சாம்பிராணி போட்டால் தும்முவாள் என்று வெள்ளிக்கிழமை சாம்பிராணியே நின்றுபோயிற்று. தாளிக்கும்போது கமறி என் வீட்டுக்காரர் ஒரு தும்மல் போட்டதற்கு, "வெளிய போய்த் தும்முங்க மாப்ள, பக்கத்து ஊட்ல கேக்கப் போவுது" என்றாள். அவர் போய் வாசலில் நின்று தும்மினார்.

அத்தை அதற்குப் பிறகும் விடவில்லை. இரண்டு நாளைக்கொரு தரம் எனக்குப் போன். "மேல எப்டி கீது? வானா பட்துக்கினு கீதா? காத்து இன்னா மாதிரி?" வானா என்றால் மழை, அது எனக்குத் தெரியும். மலைமேல் வானிலை மோசம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு தள்ளிவைக்கலாம் என்பாள், அதற்குத்தான் இந்த விசாரணை என்று முடிவு பண்ணினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். என் பங்குப் பொய்யெல்லாம் வானிலையில்தான்.

"மேல பளிச்சுனு கீது அத்த. ஒரு பொட்டு மேகம் இல்ல. போய் வந்தவங்களுக்கெல்லாம் வேர்த்து ஊத்துதாம்."

"வேர்க்குதா?" என்றாள். "கார்த்திலயா? மலமேலயா?"

"ஆமா அத்த. ஃபேன் இல்லாம ஒக்கார முடியலயாம்."

இதைச் சொல்லும்போது எங்கள் வீட்டு ஓட்டுக் கொட்டகையில் மழை பறையடித்துக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்று கேட்டதற்கு, அப்பளம் பொரிக்கிறோம் என்றேன். பெருமாள் மேலே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் நாங்கள் மலையேறினோம். சித்தப்பா குடும்பத்துக்கே மழைக்கோட்டு வாங்கிவந்திருந்தார். மண்டபம் ஒழுகினால் மேலே கட்ட ஒரு பெரிய நீல பிளாஸ்டிக் தாள் வேறு. பஸ் ஏற ஏற மழை பிய்த்துக்கொண்டு அடித்தது. பனி இறங்கி முன்னால் போகும் வண்டியே தெரியவில்லை. சித்தப்பா ஒவ்வொரு வளைவிலும், "சொன்னேன் பாரு, ரெட்டு, ரெட்டு" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா கண்ணை மூடிக் கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் விடிகாலையில் வேனில் கிளம்பி நேராக வருவதாக ஏற்பாடு. கறவை மாடுகளை விட்டுவிட்டு முதல் நாளே வரமுடியாது என்று சொல்லியிருந்தார்கள். அதையும் அம்மா சந்தேகக் கணக்கில்தான் எழுதிக்கொண்டாள்.

காலையில் கதவைத் திறந்து வாசலுக்கு வந்தேன். வானத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மரங்களெல்லாம் குளித்து நின்றன. குளிரில் பல் கிட்டியது, ஆனால் வெயில் தங்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா தன் போனை மேலும் கீழும் தட்டிப் பார்த்தார். "ரெட்டுன்னுதானே போட்டிருக்கான்..." அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "பெருமாள் கண்ணத் தொறந்துட்டார். எல்லாரும் மசமசன்னு நிக்காம கெளம்புங்க" என்று பட்டுப்புடவையை விரித்து உதறினாள்.

தங்கையை மணையில் உட்காரவைத்த நேரத்தில் அவளுக்குப் போன் வந்தது. மாப்பிள்ளைதான். ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"டேம்ல ஷட்டர் தூக்கிட்டாங்க. நைட்டெல்லாம் இங்க மழ. தரப்பாலத்து மேல தண்ணி போய்க்கினு கீது. வேன் ஏற மாட்டேங்குது. அத்த இன்னா பண்றதுன்னு..." அதோடு அறுந்துபோயிற்று. திரும்பப் போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

மலையையே பார்த்துப் பார்த்து இத்தனை நாள் கண் பூத்துப்போனோம். கல்யாணத்தன்றைக்கு மழை மலைமேல் வரவில்லை. நேராகப் போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் இறங்கியிருக்கிறது. எங்களை ஒட்டிய பகுதி எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட கடவுளே, அதை ஒட்டிய பகுதிகளுக்கு ஆரஞ்சு என்று சித்தப்பா அன்றைக்கே சொன்னாரே!

மண்டபத்தில் ஒரு கல்யாணம் எழுந்தால் அடுத்தது உட்கார வரிசையில் நிற்கும். எங்களுக்கு அடுத்த கூட்டம் ஏற்கெனவே மாலையும் கையுமாக வாசலில் நின்றது. அய்யர் எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். முகூர்த்தம் தாண்டிப்போகும் என்று சொல்லாமல் சொன்னார். சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "வேற வழி இல்ல. அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்..." என்று வாயெடுத்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார். ஆனால் அம்மாவும் நம்பிக்கையை விட்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. தட்டில் இருந்த மஞ்சளை எடுத்துப் பைக்குள் போட்டாள், பிறகு வெளியே எடுத்தாள், மறுபடி உள்ளே போட்டாள்.

"எந்திரிடி கண்ணு" என்றாள் தங்கையிடம். "அவங்க வரலன்னா..."

"வரலன்னு அவரு சொல்லல. லைன் கட்டாயிடுச்சு, அவ்ளோதான்." தங்கை மணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் எந்திரிக்க மாட்டேன். இந்த தடவ யாரு வேணா எந்திரிச்சிப் போங்க, நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அடுத்த கல்யாணத்துக் கூட்டத்திடம் போய் எனக்குத் தெரிந்த தெலுங்கையெல்லாம் கொட்டிக் கும்பிட்டேன். அந்தப் பெண்ணைப் பெற்றவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தங்கள் முகூர்த்த நேரம் கொஞ்சம் நீளம்தான், முதலில் தாங்கள் உட்கார்ந்து எழுவதாகவும் மிச்ச நேரத்துக்குள் நாங்கள் உட்கார்ந்துகொள்ளலாம் என்றும் சொன்னார். தங்கை மணையோடு நகர்ந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். மணையை விடவில்லை.

அவர்கள் கல்யாணம் முடிந்து அட்சதையைத் தட்டிவிட்டு எழும் நேரத்தில் வாசலில் சலசலப்பு. மாப்பிள்ளை. வேட்டி முட்டிக்குமேல் மடித்துக் கட்டியபடி, இடுப்புவரை சேறு. பின்னால் அத்தை. சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. காலில் செருப்பு இல்லை. ஒரு கையில் பிளாஸ்டிக் பை, மறு கை மடியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவளோடு வந்தவர் இன்னும் ஒரே ஒருத்தர், டிராக்டர் ஓட்டிய மாமன்.

"வேன் அந்தாண்டயே நின்னுடுச்சு சம்மந்தி" என்றாள் அத்தை, மூச்சு வாங்கிக்கொண்டு. "எல்லாரும் தள்ளி வெச்சிக்கலாம், தள்ளி வெச்சிக்கலாம்னாங்கோ. எவண்டா அவன் தள்ளி வெக்கறவன்னேன். அந்தப் பொண்ணு மேல ஒக்காந்துக்கினு கீது, நாம இங்க ஒக்காந்துக்கினு தண்ணி வடியறத வேடிக்க பாக்கறதா? டிராக்டர எட்றான்னேன். செருப்பு ஆத்தோட பூட்சி. தாலி மடில கீது. புத்தூர்ல பஸ்ஸப் புடிச்சி..." என்றவள் முடிக்கவில்லை. மண்டபம் அதிர ஒரு தும்மல் போட்டாள்.

அய்யர் அவசரப்படுத்தினார். மாப்பிள்ளையைச் சேறோடு சேறாக உட்காரவைத்தோம். தாலி எடுக்கும்போது அத்தைக்கு மறுபடி மூக்கு துடிப்பதை அம்மா பார்த்துவிட்டாள். அபசகுனம் காதில் விழக்கூடாதே! "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று அம்மா கத்திய கத்தலில் மேளக்காரர்கள் பயந்துபோய் அடித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள் அத்தை வரிசையாகத் தும்ம, மூன்று முடிச்சும் விழுந்தது. நல்ல நேரம், ஒரு தும்மல்கூட யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து மூச்சுவிட்டபோது அத்தை அந்தப் பிளாஸ்டிக் பையைப் பிரித்தாள். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை. அந்தக் கூட்டத்திலேயே நனையாத ஒரே பொருள் அதுதான். மெரூன் நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை.

"பலமனேர் சந்தைல வாங்கினேன். அங்கெல்லாம் சலிக்கு இதத்தான் போத்திக்கினு கீறாங்கோ" என்று தங்கையின் தோளில் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ இன்னாடான்னா வேர்க்குதுன்ன. நானும் வாணாம்னுதான் பாத்தேன். மனசு கேக்கல. மலயாச்சே, சலி இல்லாமயா பூடும்? உங்கம்மாவக் கேட்டேன், பொண்ணு சலி தாங்குமான்னு. எக்ஸ்ரே எடுக்கறேன்றாங்கோ. சலிக்கு எவனாச்சும் எக்ஸ்ரே எடுப்பானா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சலி! தெலுங்கில் குளிருக்குச் சலி என்பார்கள். இந்த ஊரில் இத்தனை காலம் அந்தச் சொல்லைத் தினமும் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். அம்மா வந்து "சளி" என்று சொன்னதும் என் புத்தி எங்கே போயிற்று? போனில் லகரம் ஏது, ளகரம் ஏது? மலைமேல் குளிர் எப்படி, பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அந்த அம்மாள் விடாமல் விசாரித்ததெல்லாம் ஒரு சால்வைக்காக. நாங்கள் அதற்குள் அவளைக் கல்யாணத்தைக் கெடுக்க வந்தவள் ஆக்கி, தூதுவளையைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

அம்மாவின் காதில் மெதுவாகச் சொன்னேன். அவள் முகம் சிவந்தது, வெளுத்தது. எழுந்து போய் எங்கிருந்தோ சூடாகச் சுக்குக் காப்பி கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தாள். அத்தை குடிக்கையில் தட்டில் இருந்த அட்சதையை மாப்பிள்ளை எடுத்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

"டேய், பச்சரிசியத் துன்னாதடா!" என்றாள் அத்தை. "சின்னப் புள்ளைலேர்ந்து இதே வேல சம்மந்தி. பானைல கையவுட்டு வாரி வாரித் துன்னுவான்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அப்பா போன பிறகு நான் பார்த்ததில்லை. "அதான பாத்தேன்! இன்னிக்கு எம்பொண்ணு இருந்த எடத்துல ஒரு சொட்டு வுழுந்துதா? இல்லியே! மழ துன்னவன் ஊட்டுக்குத்தான் போய்க்கீது!" தங்கை சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். சித்தப்பா இதை ஆப்பில் எங்கே தேடுவது என்று தெரியாமல் விழித்தார்.

அத்தைக்கு உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தங்கை சால்வையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினாள். "ஒனக்கு வாங்கினதும்மா" என்று அத்தை தள்ளினாள். அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, சால்வையைக் கழுத்துவரை இழுத்துச் செருகினாள். "அவளுக்கு வெயில் அடிக்குது. நீங்க போத்துங்க. உங்களுக்குத்தான் சலி" என்றாள். லகரத்தை அழுத்தித்தான் சொன்னாள்.

தங்கை இப்போது ஆற்றுக்கு அந்தாண்டை இருக்கிறாள். இந்த வருஷமும் ஐப்பசி பிறந்ததும் சொந்தங்கள் போன் போட ஆரம்பித்துவிட்டார்கள், நானும் லாட்ஜுச் சந்தில் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் ஒரு பழக்கம் புதிதாக வந்திருக்கிறது. மாலைச் செய்தியில் வானிலை வந்தால் அடுப்பைக் குறைத்துவிட்டு ஓடிவருவாள். வட தமிழகம் அவளுக்குத் தேவையில்லை, புதுச்சேரியும் தேவையில்லை. செய்தி வாசிக்கும் பெண் "மற்றும் அதை ஒட்டிய" என்று தொடங்கியதும் என் வீட்டுக்காரர் சித்தூர் மழையைப் பற்றி ஏதாவது வாய் திறந்தால் போதும், கரண்டியை ஓங்குவாள்.

"செத்த சும்மா இருங்க மாப்ள. எம்பொண்ணு ஊரச் சொல்றாங்க."